குளியலறையில் தோற்கும் ரோபோ

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் நிற்பவர்கள் மொழியின் பெருமையையோ, கலையின் சிறப்பையோ, முன்னோர் வாழ்வையோ எடுத்துரைப்பது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் குளியலறை. வீட்டைத் துப்புரவு செய்ய வந்திருக்கும் ரோபோ என்னும் பொறி, கூடத்தில் நன்றாக உழைத்துவிட்டுக் குளியலறையில் மட்டும் ஏன் தோற்றுப்போகின்றது என்பதே நம் பேச்சு. விழா நாளில் பேசத்தக்க பொருளா இது என்று ஒரு சிலர் முகம் சுளிக்கக்கூடும். வீட்டார் அனைவரும் நாள்தோறும் பயன்படுத்தும் அறையைப் பற்றிப் பேசுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அந்த அறையைக் கழுவுகின்றவர் யார் என்று எவரும் கேளாமல் இருப்பதுதான் இழுக்கு என்று நாம் கருதுகின்றோம்.

நம் காலனி வீடுகள் சிலவற்றில் இவ்வட்டப் பொறி இப்போது உலா வருகின்றது. பண்டிகைக் காலத் தள்ளுபடி அறிவிக்கப்படும்போதெல்லாம் வாங்கலாமா, வேண்டாமா என்னும் பேச்சு எழுகின்றது. அப்போது தாய்மார்கள் கேட்கும் முதற்கேள்வி, 'பாத்ரூமையும் கழுவுமா?' என்பதுதான். விற்பவர் அதற்கு நேரான விடை கூறுவதில்லை. ஆகவே அவ்விடையை நாமே தேடுவோம்.

பொறி வந்த வரலாறு

ஸ்வீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் டிரைலோபைட் என்னும் தூசி உறிஞ்சும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வௌவால் இருளில் பறப்பதைப் போன்று, அது செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கொண்டு தடைகளை அறிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோட்னி புரூக்ஸ், காலின் ஆங்கிள், ஹெலன் கிரைனர் ஆகிய மூவர் 1990-இல் தொடங்கிய ஐரோபோட் நிறுவனம், 2002-ஆம் ஆண்டு ரூம்பா என்னும் பொறியை வெளியிட்டது. இப்பொறிகள் உலகெங்கும் வீடுகளில் புகுந்தது அதன் பின்னரே.

ரூம்பா உலர்ந்த தரையின் தூசியை மட்டும் உறிஞ்சியது. தரையைக் கழுவும் பொறியாக ஸ்கூபா என்பதை அதே நிறுவனம் 2005-இல் அறிவித்தது. அது நல்ல நீரைத் தெளித்துத் தேய்த்து, அழுக்கு நீரை வேறு தொட்டியில் உறிஞ்சிக்கொண்டது. பின்னர் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இக்காலத்துப் பொறிகளில் பெரும்பாலானவை தூசியையும் உறிஞ்சுகின்றன, ஈரத்துணியால் தரையையும் துடைக்கின்றன. லேசர் கதிரைச் சுழற்றி வீட்டின் வரைபடத்தைத் தாமே தீட்டிக்கொள்கின்றன. பேட்டரி குறைந்தால் தம் இருப்பிடத்திற்குத் திரும்பி மின்னூட்டம் பெறுகின்றன. கூடத்திலும் படுக்கையறையிலும் இவை செய்யும் வேலையைக் குறை கூறுவதற்கில்லை.

நம் குளியலறையின் இயல்பு

இனி, நம் குளியலறையை எண்ணிப் பார்ப்போம். மேல்நாட்டு வீடுகள் பலவற்றில் குளிக்கும் தொட்டியோ கண்ணாடித் தடுப்போ நீரைத் தன்னுள்ளே அடக்கிவிடும். எஞ்சிய தரை உலர்ந்திருக்கும். நம் வீட்டிலோ அறை முழுவதும் நனையும். வாளியில் நீர் பிடித்து, குவளையால் மொண்டு குளிக்கின்றோம். துணி துவைப்பதும் பல வீடுகளில் அங்கேதான். நீர் கூடத்திற்குள் வராதிருக்க, அறையின் தரை வெளித்தரையைவிட ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கும். அல்லது வாசலில் ஒரு சிறு தடுப்புக் கட்டு இருக்கும். தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே தண்ணீர் போகும் துளையும், அதன்மேல் ஜாலி மூடியும், மூடியில் சிக்கிய தலைமயிரும் இருக்கும். வாளி, குவளை, மணை, துவைக்கும் தூரிகை, சோப்புப் பெட்டி ஆகியவை தரையிலேயே கிடக்கும். கழிப்பறைப் பீங்கான் பல வீடுகளில் குந்தி அமரும் இந்திய முறை. சில வீடுகளில் நாற்காலி போன்ற மேல்நாட்டு முறை.

இவற்றுள் எதுவும் நம் வீட்டுக் குறையன்று. நாம் நீரைப் பயன்படுத்தும் முறைக்கு ஏற்ப அமைந்த அறை அது. குறை, உலர்ந்த சமதரையை மட்டும் மனத்திற்கொண்டு பொறியை வகுத்ததில் இருக்கின்றது.

பொறியின் குறைகள்

முதலாவது குறை, வாசற்படி. இப்பொறிகள் படிக்கட்டிலிருந்து உருண்டு விழாதிருக்க, அடிப்பாகத்தில் அகச்சிவப்புக் கதிரை வீசும் உணர்கருவிகளைப் பெற்றிருக்கின்றன. கதிர் தரையில் பட்டுத் திரும்பினால் தரை உண்டு என்று பொருள். திரும்பாவிட்டால் பள்ளம் என்று பொருள். தாழ்ந்த குளியலறையைக் கண்டதும் பொறி பள்ளம் என எண்ணிப் பின்வாங்குகின்றது. தாழ்வு சிறிதாக இருந்து உள்ளே இறங்கிவிட்டாலோ, ஏறி வருதல் கடினம். ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டுவதே பல பொறிகளின் வரம்பு. கருநிறத் தரையிலும் ஒரு தொல்லை உண்டு. கருமை கதிரை விழுங்கிவிடுவதால், சமமான கறுப்பு டைல்ஸும் பொறிக்குப் பாதாளமாகத் தோன்றும்.

இரண்டாவது, நீர். ஈரத்துணியால் துடைக்கும் பொறி என்றால் நீரில் நிற்கும் பொறி என்று நம்மில் பலர் கருதிவிடுகின்றோம். அது தவறு. பொறி தன் தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும் நீர் வேறு. தரையில் தேங்கிய நீர் வேறு. தேங்கிய நீரைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் மோட்டாருக்குக் கேடு. மின்சுற்றில் நீர் புகுந்தால் பேட்டரிக்கும் கேடு. மின்கருவி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதற்கு உலகளாவிய தரக்குறி ஒன்று உண்டு. ஐபிஎக்ஸ் 4 என்றால் எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். நம் கையிலுள்ள கடிகாரத்திலும் கைப்பேசியிலும்கூட இத்தகைய குறியைக் காண்கின்றோம். வீட்டு ரோபோக்கள் பலவற்றின் கையேட்டிலோ இக்குறியைத் தேடினாலும் கிடைப்பதில்லை; ஈரமான இடத்தில் பயன்படுத்தாதீர் என்னும் எச்சரிக்கைதான் கிடைக்கின்றது. நீர்க் குழாயின் அடியில் வைத்துக் கழுவ முடியாத ஒரு கருவி, குளியலறையைக் கழுவ எங்ஙனம் உதவும்?

மூன்றாவது, வடிவம். பொறி வட்டமானது, அறை சதுரமானது. வட்டம் எங்கும் சிக்காமல் திரும்பும் என்பதற்காக அவ்வடிவத்தைத் தேர்ந்தார்கள். கூடத்திற்கு அது பொருந்தும். 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒரு மூலையில் போய் நின்றால், மூலையின் முனைக்கும் வட்டத்தின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் எஞ்சும். கூடத்து மூலையில் எஞ்சுவது சிறிது தூசி. பக்கத் தூரிகை அதனை இழுத்துவிடும். குளியலறை மூலையில் எஞ்சுவதோ பாசியும் சோப்பு வழுக்கலும். அவை சுழலும் நான்கு மயிர்க்கற்றைகளுக்கு அசைந்து கொடுப்பதில்லை. கழிப்பறைப் பீங்கானுக்கும் சுவருக்கும் இடையே பல வீடுகளில் ஒரு சாண் இடம்தான் உண்டு. சாணைவிட அகன்ற பொறி ஒரு சாண் இடத்தில் நுழையாது. அந்தச் சாண் இடத்தில்தான் அழுக்கு மிகுதி என்பதைத் துலக்கியவர் அறிவர்.

நான்காவது, பார்வை. லேசர் கதிர் நேர்சுவரில் பட்டுத் திரும்பும்போது தூரத்தைச் சரியாகக் கணக்கிடும். நிலைக்கண்ணாடியிலும், கண்ணாடித் தடுப்பிலும், நனைந்து பளபளக்கும் டைல்ஸிலும் கதிர் சிதறியோ ஊடுருவியோ போய்விடும். கண்ணாடிக்குள் தெரியும் அறையையும் மெய்யான அறை என்று பொறி வரைபடத்தில் சேர்த்துவிடுவது உண்டு. கேமராவைக் கொண்டு பார்க்கும் பொறியாயின், வெந்நீர் ஆவி அதன் கண்ணை மறைத்துவிடும்.

ஐந்தாவது, விசை. இதனைச் சற்று விளக்கிக் கூற விரும்புகின்றோம். உப்பு நீர் வரும் ஊர்களில் டைல்ஸின் மேல் வெண்மையாகப் படிவது சுண்ணாம்புச் சத்துள்ள உப்பு. அதே நீரில் சோப்பு கரையாமல் திரிந்து, வழவழப்பான அழுக்காகச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றது. இவை போக வேண்டுமானால் புளிப்புள்ள திரவம் வேண்டும், அழுத்தித் தேய்த்தலும் வேண்டும். மனிதர் தேய்க்கும்போது காலை ஊன்றி, தோளின் வலிமையையும் உடலின் எடையையும் தூரிகையின் மேல் செலுத்துகின்றார். பொறியின் எடை 3 அல்லது 4 கிலோ. அதன் எடையைத் தூரிகையின் மேல் சாய்த்தால் சக்கரத்திற்குப் பிடிப்புக் குறையும். சக்கரத்தின் மேல் சாய்த்தால் தூரிகைக்கு அழுத்தம் குறையும். சோப்பு நீர் படர்ந்த தரையிலோ சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அழுத்தம் போதாவிட்டால் மருந்தாவது கூட்டலாமே என்றால், பிளீச்சிங் பவுடரோ ஆசிட்டோ தொட்டியில் ஊற்றக்கூடாது என்று தயாரிப்பாளரே தடுக்கின்றனர்; குழாயும் ரப்பரும் அரித்துப்போகும். இங்கே தாய்மார்களுக்கும் ஓர் எச்சரிக்கை: கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. அவை கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். கதவு மூடிய சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஆறாவது, உயரம். குளியலறை அழுக்கில் தரையிலுள்ளது ஒரு பகுதியே. இடுப்பளவு வரை சுவரில், குழாயின் அடியில், முகம் கழுவும் தொட்டியின் வெளிப்புறத்தில், பீங்கானின் விளிம்புக்குக் கீழே என்று எங்கும் அது இருக்கின்றது. தரையில் மட்டும் ஊர்ந்து செல்லும் பொறிக்கு இவை எட்டா. மேல்நாட்டு முறைப் பீங்கானின் மேல் பொருத்தி உட்புறத்தைத் தேய்க்கும் கருவிகளைச் சிலர் செய்திருக்கின்றனர். குந்தி அமரும் நம் பீங்கானில் அதனைப் பொருத்த விளிம்பே இல்லை. அமெரிக்காவின் சோமாட்டிக் நிறுவனம் நீண்ட கையுடைய ரோபோவைக் கொண்டு பெரிய அலுவலகக் கழிப்பறைகளைத் தூய்மை செய்விக்கின்றது. அகன்ற வாசலும் விரிந்த இடமும் உள்ள பொதுக் கழிப்பறைக்கு அது ஏற்றது. நாலடிக்கு ஆறடி அறையில் அப்பொறி நின்றால் நமக்கு நிற்க இடமிராது.

ஏழாவது, கலப்பு. குளியலறையைத் துடைத்த துணியே சமையலறையையும் பூசை அறையையும் துடைக்குமானால், அழுக்கு நீங்குவதற்கு மாறாகப் பரவும். நம் வீட்டுப் பெண்கள் குளியலறைத் துடைப்பத்தை வேறாகவும், கூடத்துத் துடைப்பத்தை வேறாகவும் வைத்திருப்பது வீண் ஆசாரம் அன்று. அது நோய்த் தடுப்பு. ஒரே பொறி, ஒரே துணி, ஒரே சக்கரம் என்று வகுத்தவர்கள் இந்த எளிய அறிவை மறந்துவிட்டனர். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வளர்ப்பு நாயின் மலத்தின் மேல் இரவில் ஊர்ந்த ரோபோ, அதனை வீடெங்கும் பூசிவிட்ட செய்தி உலகம் முழுவதும் நகைப்புடன் பேசப்பட்டது. அத்தகைய பொருளைக் கண்டு விலகிச் செல்லும் பொறியை 2021-இல்தான் ஐரோபோட் வெளியிட்டது. இப்போது சில பொறிகள் தம் இருப்பிடத்திற்குத் திரும்பி வெந்நீரில் துணியை அலசிக்கொள்கின்றன. அது நல்ல முன்னேற்றமே. எனினும் சக்கரத்தை அலசும் ஏற்பாட்டையும் எல்லாப் பொறிகளிலும் காணோம்.

எட்டாவது, மானம். ஐரோபோட் சோதித்துவந்த பொறிகள் 2020-ஆம் ஆண்டில் வீடுகளுக்குள் எடுத்த படங்களுள், கழிப்பறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. படங்களைப் பார்த்துப் பொருள்களை அடையாளமிடும் வேலைக்காக அவை வெளியாருக்கு அனுப்பப்பட்டன. அவர்களிடமிருந்து சமூக ஊடகக் குழுக்களுக்குச் சென்றுவிட்டன. எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்னும் இதழ் 2022 டிசம்பரில் இதனை வெளியிட்டது. அவை கடைகளில் விற்ற பொறிகள் அல்ல, படம் எடுக்கப்படும் என்று அறிந்து உடன்பட்டவர்களின் வீட்டில் இருந்தவை என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. 2024-இல் எக்கோவாக்ஸ் நிறுவனத்தின் பொறிகள் சிலவற்றை அமெரிக்காவில் அயலார் இணையத்தின் வழியே கைப்பற்றி, அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வீட்டாரை ஏசிய செய்தியும் வந்தது. தாழிட்ட அறைக்குள் கண்ணும் காதும் வாயும் உள்ள ஒரு பொருளை அனுப்புமுன் நாம் நன்கு ஆராய வேண்டாமா?

கேட்கப்படாதவர்

எட்டுக் குறைகளைக் கூறினோம். இவற்றுள் ஒன்றேனும் அறிவியலால் தீர்க்க இயலாததன்று. நீர் புகாத மின்கருவி உண்டு. சதுர முகப்புள்ள பொறி உண்டு. கேமரா இல்லாமலே வழி அறியும் முறை உண்டு. பின் ஏன் தீரவில்லை? பொறியை வகுத்தவர்கள், நாள்தோறும் குனிந்து குளியலறையைக் கழுவுகின்றவரை அருகில் அமர்த்தி, 'உமக்கு எங்கே வலிக்கின்றது? எந்த வேலை உமக்கு அருவருப்பு?' என்று கேட்டிருந்தால் பொறி வேறு விதமாக அமைந்திருக்கும் என்பது நம் எண்ணம். கூடத்தில் விளக்குமாறு பிடிப்பது அவ்வளவு கடினமான வேலையன்று. அதற்குத்தான் முதலில் பொறி வந்தது.

நம் ரயில்வேயிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். ரயில் பெட்டிக் கழிப்பறையின் கழிவு பன்னெடுங்காலம் தண்டவாளத்தின் மேலேயே விழுந்தது. அதனைத் துப்புரவு செய்தவர்களின் துன்பம் சொல்லுந்தரத்ததன்று. ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, கழிவை நுண்ணுயிரிகளால் சிதைக்கும் பயோ டாய்லெட்டுகள் வகுக்கப்பட்டன. 2 லட்சத்திற்கும் மேற்பட்டவை பெட்டிகளில் பொருத்தப்பட்டுவிட்டன. பெருஞ்சாதனைதான். ஆயினும், பயணிகள் தண்ணீர்ப் புட்டிகளையும் துணிகளையும் அதனுள் போட்டதனால் அவை அடைத்துக்கொண்டதை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. கருவி நல்லது, பயன்படுத்துவோரின் பழக்கம் கணக்கில் வரவில்லை. அடைப்பை நீக்கும் வேலை மீண்டும் ஒரு மனிதரின் கைக்கே வந்து சேர்ந்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் நம் நாட்டில் உண்டு. பாதுகாப்புக் கருவிகளின்றிப் பாதாளச் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும் உயிரிழப்புகள் தொடர்ந்தன. கேரளத்து இளம் பொறியாளர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், பாண்டிகூட் என்னும் ரோபோவை 2018-இல் திருவனந்தபுரத்தில் களமிறக்கியது. ஆள்துளைக்குள் பொறியின் கை இறங்குகின்றது. மேலே நிலத்தில் நின்று அதனை இயக்குபவர் துப்புரவுப் பணியாளரே. அவருக்கே பயிற்சி அளித்தார்கள். அவருடைய பிழைப்பு போகவில்லை, உயிர் தப்பியது. யாருக்காகச் செய்கின்றோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பொறியை வகுத்தார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு மைய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகக் கண்டனர். ஆண்களில் அவ்வேலையில் ஈடுபட்டவர்களே 100-க்கு 26 பேர்தான். அந்த 26 பேருள்ளும் கழிப்பறைத் தூரிகையைத் தொட்டவர் எத்தனை பேர் என்று அவரவர் தம் வீட்டை நினைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு அடுத்தபடியாக இவ்வேலை வருவது வெளியாரிடம். இந்த ஊரில் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் வருபவரை 'தீதி' என்று வாய்நிறைய அழைக்கின்றோம். கழிப்பறை கழுவ வருபவர் வேறொருவர். அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு. பின்வாசல் வழியே வருகின்றார்; அவருக்கென்று ஒரு தேநீர்க் குவளை வெளித்திண்ணையில் தனியே இருக்கின்றது. ஊரை விட்டு வந்த நாம் வழக்கங்களில் நல்லவற்றைக் கொண்டுவந்தோம். இதனையும் சேர்த்தே கொண்டுவந்தோம். வந்த இடத்திலும் இது இருந்தது. இரண்டும் எளிதாகப் பொருந்திவிட்டன. ரோபோவின் துணி குளியலறையிலிருந்து பூசை அறைக்குப் போகக்கூடாது என்பது சுகாதாரம். மனிதரின் குவளையைத் தனியே வைப்பதற்குச் சுகாதாரம் காரணம் ஆகாது. கையைச் சோப்பிட்டுக் கழுவினால் எல்லாக் கையும் ஒன்றே. பொறி வாங்கும் பேச்சு நம் வீட்டில் எழும்போது இதனையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நாம் செய்யத்தக்கவை

பொறி வாங்க விரும்புவோர் கடையில் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு உயரப் படியைத் தாண்டும்? நீர் தாங்கும் தரக்குறி என்ன? துணியையும் சக்கரத்தையும் கழற்றிக் கழுவலாமா? கேமரா உண்டா, உண்டெனில் படம் எங்கே போகின்றது? குளியலறைக்குள் செல்லாதவாறு வரைபடத்தில் தடைக்கோடு போட முடியுமா? விடை நிறைவாக இருந்தால் கூடத்திற்கு வாங்குங்கள். குளியலறைக் கதவைச் சாத்தியே வையுங்கள்.

குளியலறைக்கு வேண்டியது நீண்ட பிடியுள்ள தூரிகை ஒன்று, தண்ணீரைத் தள்ளும் ரப்பர் வைப்பர் ஒன்று, ரப்பர்க் கையுறை ஒரு ஜோடி. குளித்து முடித்தவர் எவராயினும், வெளியே வருமுன் தரை நீரையும் சுவர் நீரையும் வைப்பரால் தள்ளிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. நீர் தேங்காவிட்டால் உப்பு படியாது, பாசி பிடிக்காது, முதியோர் வழுக்கி விழும் ஆபத்தும் குறையும். வாளியையும் மணையையும் சுவரில் மாட்டிவிட்டால் தரை உலரும். ஜாலி மூடியில் சிக்கிய மயிரை அன்றாடம் எடுத்துவிட்டால் வாரக் கடைசியில் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை.

வாரத்திற்கு ஒருமுறை முழுவதும் கழுவும் வேலைக்கு வீட்டில் முறை வகுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இரவுப் பணி, பகல் பணி என்று முறைப்பட்டியல் போட்டு வேலை செய்கின்றோம். வீட்டுச் சுவரிலும் அத்தகைய ஒரு தாளை ஒட்டலாம். அதில் தந்தையின் பெயரும் மகனின் பெயரும் இருக்க வேண்டும். மகளுக்கு மட்டும் இவ்வேலையைக் கற்பித்து, மகனுக்குப் பொறியியல் கற்பித்தால், அவன் வகுக்கும் பொறியும் கூடத்தோடு நின்றுவிடும்.

வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வோர், கையுறையும் நீண்ட தூரிகையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆசிட்டை வெறுங்கையால் தொடச் செய்யாதீர்கள். பெயர் கேட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். விடுமுறையும், அந்த நாளுக்குரிய கூலியும் கொடுங்கள். தேநீரை வீட்டுக் குவளையிலேயே கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பொறியியல் படிப்போர் பலர். நம் குளியலறைக்கு முற்றும் ஏற்ற பொறியை நாம் இன்னும் கண்டதில்லை. அது தரையில் மட்டும் ஓடுவதாக இருக்க வேண்டியதில்லை. சக்கரமே இல்லாமலும் இருக்கலாம். சுவரில் தொங்கும் கருவியாகவோ, குந்தி அமரும் பீங்கானைத் தேய்க்கும் எளிய மோட்டார்த் தூரிகையாகவோ இருக்கலாம். குழாயடியில் வைத்துக் கழுவத்தக்கதாகவும், ஏழைக் குடும்பமும் வாங்கத்தக்கதாகவும் இருந்தால் போதும். படம் வரையத் தொடங்குமுன் உங்கள் அன்னையின் கையிலுள்ள தூரிகையை வாங்கி, ஒரு மாதம் நீங்களே கழுவிப் பாருங்கள். எந்த மூலை எட்டவில்லை, எந்த இடத்தில் முதுகு வலித்தது என்று குறித்து வையுங்கள். பிறகு, வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டி, விட்டுப்போனது என்ன என்று கேளுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களையும் எழுதிக்கொண்ட பின் பொறியை வகுக்கத் தொடங்குங்கள்.